பெட்டி மேல் தெளித்த பால்

என் அக்கா தாரிமாவுக்கும் எனக்கும் நடுவில் இருபத்துமூன்று வாக்குச் சீட்டுகள் கிடக்கின்றன. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நாடாளுமன்றத் தேர்தலைப் பார்வையிட வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து மங்கோலியா முழுக்க அனுப்பினார்கள். எங்கள் ஊரான ஹூரென்தொல்கோய்க்கு வந்தவர்கள் ரெய்ன் என்ற எஸ்தோனியரும் இல்டா என்ற போர்ச்சுகல் நாட்டுப் பெண்ணும். இல்டா எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள். ரெய்ன் சிரிக்க மாட்டார். நாய் குரைத்ததைக்கூட நேரம் போட்டு நோட்டில் எழுதுகிற மனிதர். நான் மாகாண நகரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள், இவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன்.

முதல் நாளே ரெய்னிடம் சொல்லிவிட்டேன். வாக்குச்சாவடியின் தலைவி என் கூடப்பிறந்த அக்கா, வேறு ஆளைப் போடுங்கள் என்று. அவர் தலைநகருக்குப் போன் போட்டார். வேறு ஆள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தான், அவனுக்கும் அன்று பார்த்துப் பல் வீங்கியிருந்தது. ரெய்ன் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த ரெண்டு நாளும் நீங்க அவங்களுக்குத் தங்கச்சி இல்ல. யார் என்ன சொன்னாலும் கூட்டாம குறைக்காம மொழிபெயர்த்துச் சொல்லணும். ஒருத்தர்கிட்ட சொன்னது இன்னொருத்தருக்கும் தெரியணும். நீங்களா அவங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. முடியுமா?"

"முடியும்" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமே தவிர, கொடுத்த வாக்கை மீறியது கிடையாது. அந்த வீம்புதான் என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

தேர்தலுக்கு முந்தின நாள், எழுந்து வர முடியாதவர்களைத் தேடி வாக்குப் பெட்டியே போகும். கைக்கு அடக்கமான பெட்டி, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும், மேலே ஒரு நீளத் துவாரம், மூடியில் எண் போட்ட பிளாஸ்டிக் முத்திரை. காலையில் முத்திரை போட்டபோது எண்ணை அக்கா உரக்கப் படித்தாள். கடைசி மூன்று இலக்கம் நானூற்றுப் பதினேழு. ரெய்ன் எழுதிக்கொண்டார். அக்காவும் இரண்டு குழு உறுப்பினர்களும், இரண்டு கட்சிகளின் ஆட்களும் பழைய ரஷ்ய வேனில் போனார்கள். நாங்கள் பின்னாலேயே ஜம்பல் அண்ணன் ஓட்டிய வண்டியில். புல்வெளியில் இருநூறு கிலோமீட்டர் சுற்றி இருபத்துமூன்று பேரிடம் ஓட்டு வாங்க வேண்டும்.

கடைசி வீடு லுவ்சன் பெரியவருடையது. இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறவர். "நாயைப் பிடிங்க!" என்று அக்கா குரல் கொடுத்ததும், அவர் மனைவி பாக்மா பெரியம்மா கூடாரத்திலிருந்து ஓடிவந்தார். பட்டு அங்கி, கழுத்தில் பவளம். கல்யாண வீடு தோற்றது.

"ராஜாங்கமே என் வாசலுக்கு வந்திருக்கு! உள்ள வாங்க, ஒருத்தரும் வெறும் வயிறோட போகக் கூடாது."

பெரியவர் திரைக்குப் பின்னால் படுத்தபடியே சீட்டைக் குறித்து, தன் கையாலேயே பெட்டியில் போட்டார். அதற்கப்புறம் குதிரைப் பால் வந்தது, புளிக்க வைத்து லேசாகப் போதை ஏற்றுவது. எதிர்க்கட்சியின் ஆள் கோம்போ முதல் கிண்ணத்தை வாங்கியவன் எழுந்திருக்கவில்லை. ஆளுங்கட்சிக்காரனும் அவனுக்குச் சளைத்தவனில்லை. "எண்ணிப் பாக்கறதுக்குத்தான் நம்மள அனுப்பியிருக்காங்க. இது மூணாவது கிண்ணம், நான் சரியாத்தான் எண்றேன்" என்று கோம்போ கண்ணடித்தான்.

அவர்களை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் பெட்டியோடு வெளியே வந்தோம். வேன் கதவு திறந்திருந்தது. அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது பாக்மா பெரியம்மா ஒரு குவளை நிறையப் பாலும் அகப்பையுமாக வந்தார். வழிக்குப் பால் தெளிக்க. வண்டி கிளம்பினால் சக்கரத்தின் மேல், கிளம்பிய வழியின் மேல் தெளிப்பதுதான் வழக்கம். ஆனால் பெரியம்மாவுக்கு அன்று பயணம் போவது பெட்டிதான் என்று தோன்றியிருக்கிறது.

"நல்லபடியாப் போய்ச் சேரு, நல்லவங்களக் கொண்டா" என்று சொல்லி மூன்று முறை அள்ளி வீசினார். பால் முழுவதும் பெட்டியின் தலையில் விழுந்தது.

தெளித்த பாலைத் துடைக்கிற கை எங்கள் பக்கம் கிடையாது. வாழ்த்தைத் துடைத்துத் தூர எறிகிற மாதிரி அது. அக்கா அங்கியின் கை நுனியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கை எழும்பியது, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையை மடியில் போட்டுக்கொண்டாள். பால் மெதுவாக வழிந்து துவாரத்துக்குப் போனது. ஐந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தோம். நானும்தான் பார்த்தேன்.

சாயங்காலம் பெட்டியைப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அக்காதான் தலைமையாசிரியை. பெட்டியின் பக்கவாட்டில் சீட்டுகள் ஈரத்தோடு ஒட்டிக்கிடப்பது நன்றாகத் தெரிந்தது. காலையில் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணும் இயந்திரத்தில் விட வேண்டும். ஒட்டிய சீட்டை இயந்திரம் வாங்காது. அக்காவுக்கு வியர்த்துவிட்டது.

"டென்ஸ்மா, இவங்ககிட்ட கேளு. இப்ப நான் என்ன செய்யணும்? திறந்து காய வைக்கலாமா? இல்ல அப்படியே விடணுமா? இவங்க நாப்பது நாட்டுல பாத்தவங்க, தெரியாமலா இருக்கும்?"

கேட்டேன். ரெய்ன் பேனாவை மூடினார். "நாங்க பாக்கறதுக்கு மட்டும்தான் வந்திருக்கோம். யோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல. சட்டப்படி குழுதான் முடிவு செய்யணும்."

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவர் சொல்லலைன்னா போகுது. நீ சொல்லுடி. அந்தத் தேர்தல் விதிப் புத்தகத்தை மூணு தடவை மொழிபெயர்த்தேன்னு பீத்திக்கிட்டியே?"

எனக்கு விடை தெரியும். பெட்டியைத் தொடாதே, இரண்டு கட்சிக்காரர்களையும் கூப்பிடு, நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. மூன்று வரி. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கலாம், சொல்லக் கூடாது என்ற விதியை எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்தால் அவன் காதைத் திருகியிருப்பேன். ஆனால் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அக்கா கேட்டதை ஆங்கிலத்தில் ரெய்னுக்குச் சொன்னேன், எனக்கும் அனுமதி இல்லை என்று அக்காவுக்குச் சொன்னேன்.

"பெரிய துரைசானி" என்றாள் அக்கா. அதையும் மொழிபெயர்த்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ரெய்னும் இல்டாவும் கூடத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் முகம் கழுவத் தாழ்வாரத்துக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க.

"திறந்துட்டேன்டி" என்றாள்.

"எதை?"

"பெட்டியைத்தான். முத்திரையை வெட்டிட்டு, சீட்டையெல்லாம் சமையல்கட்டு மேசைல பரப்பி, மேடைத் திரைக்குப் போடற இஸ்திரிப் பெட்டியால தேச்சேன். கவுத்துப் போட்டுத்தான் தேச்சேன், சத்தியமா யாரு யாருக்குப் போட்டாங்கன்னு ஒண்ணு கூடப் பாக்கல. இருபத்துமூணும் மொறுமொறுன்னு ஆயிடுச்சு. திரும்ப உள்ள போட்டுப் புது முத்திரை போட்டுட்டேன்."

"யாராவது கூட இருந்தாங்களா?"

"ராத்திரி காவலுக்குப் போட்ட போலீஸ்காரன் இருந்தான். அவன் பொரிச்ச ரொட்டி தின்னுட்டு இருந்தான்."

"எழுதி வெச்சியா?"

"எழுதினா குத்தம்னு ஆயிடாதா?"

யாருடைய ஓட்டும் கெட்டுப்போகக் கூடாது என்று வெறிபிடித்த மாதிரி உட்கார்ந்து இஸ்திரி போட்டிருக்கிறாள். சட்டத்தின் கண்ணுக்கு அது பெட்டியை உடைத்த கதைதான். தலைமையாசிரியை வேலை போகும். வழக்கு வந்தால் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "புது எண் நானூத்து இருபத்திரெண்டு. உன் ஆளோட நோட்டுல பழசு இருக்கு. கேப்பான். நேத்து லுவ்சன் வீட்டு வாசல்லயே, எல்லார் முன்னாடியும் முத்திரை மாத்தினோம், சத்தமா எண்ணும் படிச்சோம்னு நான் சொல்லுவேன். கோம்போவும் அந்த இன்னொருத்தனும் உள்ள குடிச்சுட்டு இருந்தாங்க, இல்லைன்னு சொல்ல அவங்களுக்கு வாய் கிடையாது. நீ மொழிபெயர்க்க மறந்துட்டேன்னு மட்டும் சொல்லு. உனக்கு ஒரு திட்டு விழும், அவ்வளவுதான். எனக்கு எல்லாமே போயிடும்."

"அக்கா, நான் அவர்கிட்ட..."

"நான் உன்ன காசு கேக்கல. நகை கேக்கல. 'மறந்துட்டேன்'. ஒரு வார்த்தை."

கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா குழாயை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள். தாழ்வாரத்தில் நடந்ததையும் ரெய்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் பேச்சு. சொல்லவில்லை. போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இல்டா என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றாள். தலையை ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா எனக்கே தெரியாது.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு முன் நேற்றைய பெட்டியைத் திறந்து சீட்டுகளை இயந்திரத்தில் விட வேண்டும். வெளியே வரிசை நின்றிருந்தது. அக்கா நீல அங்கியில் நிமிர்ந்து நின்று முத்திரை எண்ணை உரக்கப் படித்தாள். "...நானூத்து இருபத்திரெண்டு."

ரெய்னின் பேனா நின்றது. ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். மறுபடி முன்னால் புரட்டினார். எழுந்து வந்து முத்திரையைக் குனிந்து பார்த்தார். அந்த மனிதர் நடந்த ஏழெட்டு அடிக்குள் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துபோனது.

"தலைவிகிட்ட கேளுங்க" என்றார் என்னிடம். "நேத்து காலையில போட்ட முத்திரை நானூத்துப் பதினேழு. இது எப்போ மாறுச்சு? யார் முன்னாடி மாறுச்சு?"

கேட்டேன்.

அக்கா தயங்கவே இல்லை. "நேத்து சாயங்காலம், லுவ்சன் வீட்டு வாசல்ல. முத்திரைல பால் பட்டுடுச்சு, அதான் மாத்தினோம். எல்லார் முன்னாடியும்தான் மாத்தினோம், எண்ணையும் படிச்சேன். மொழிபெயர்ப்பாளர் சொல்ல மறந்திருப்பாங்க."

கோம்போ வாயைத் திறந்தான். உடனே மூடினான். அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்று அவன் கட்சிக்காரன் யாராவது கேட்டால் என்ன சொல்வான்? ஆளுங்கட்சிக்காரன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். குழு உறுப்பினர்கள் இருவரும் அக்காவின் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற டீச்சர்கள், அவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். மொத்தப் பாரமும் என் ஒருத்தி நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மறந்திருப்பாங்க என்பது வரை.

ரெய்ன் நோட்டில் எழுதவில்லை. அந்த வாசலில் அவரும்தான் நின்றிருந்தார், இல்டாவும் நின்றிருந்தாள். ஆனால் அவர்கள் கொஞ்சம் தள்ளி வண்டியருகில் இருந்தார்கள், சுற்றிலும் மங்கோலியன் பேச்சு, வேன் கதவு பாதி மறைத்தது. பார்த்ததை மட்டும் எழுதுகிற மனிதர், பார்க்காததை இல்லை என்று சொல்ல மாட்டார். இரண்டு நாளில் முதல் முறையாக அவர் என் வழியாக இல்லாமல் என்னையே கேட்டார்.

"டென்ஸ்மா, நீங்க மறந்துட்டீங்களா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் என் பெயர் அவர் வாயில் வந்ததும் புரிந்துகொண்டாள். தலையை ஒரு நூல் அளவுக்கு அசைத்தாள். சொல்லுடி.

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லியிருந்தால் ரெய்ன் முகத்தைச் சுளித்திருப்பார், அடுத்த தேர்தலுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். இயந்திரம் இருபத்துமூன்றையும் விழுங்கியிருக்கும். லுவ்சன் பெரியவர் போட்ட ஓட்டு ஓட்டாகவே இருந்திருக்கும். அவள் ஒன்றையும் திருடவில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு இஸ்திரி போடத் திறந்த பெட்டியை நாளைக்கு வேறு எவனோ வேறு எதற்கோ திறப்பான், அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள்.

"இல்ல" என்றேன். "நான் எதையும் மறக்கல."

ஒருத்தரிடம் சொன்னது இன்னொருத்தருக்கும் தெரிய வேண்டும். அதனால் அக்கா பக்கம் திரும்பி, மங்கோலியனிலும் சொன்னேன். "நான் எதையும் மறக்கலன்னு அவர்கிட்ட சொன்னேன்."

அக்கா பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் திறந்தேன்" என்றாள். "நேத்து, இவங்க போனதுக்கு அப்புறம். ஒட்டிக்கிச்சு. தேச்சேன்."

"தேச்சியா?" கோம்போவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. "ஓட்டுக்கு இஸ்திரி போட்டியா?" அப்புறம்தான் தன் கட்சி ஞாபகம் வந்து நாற்காலியை உதைத்துக் கத்தினான். "மோசடி! பச்சை மோசடி! நான் அப்பவே நினைச்சேன்!"

"நீ அப்ப மூணாவது கிண்ணத்துல இருந்தடா" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் கூட இல்லை.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். மோசடியை, மூன்றாவது கிண்ணத்தை, தேய்த்ததை. குழு கூடிப் பேசியது. சட்டத்தில் வேறு வழி இல்லை. இருபத்துமூன்று சீட்டும் செல்லாது, நடமாடும் பெட்டியின் நாள் முடிந்துவிட்டதால் மறுபடி போகவும் முடியாது. அக்காவும் கை தூக்கினாள், தன் பெட்டிக்கு எதிராகத் தானே. அவற்றை உறையில் போட்டு ஒட்டும்போது பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லாமல் அவ்வளவு அழகாகத் தேய்த்திருந்தாள். லேசாகப் பால் வாசனை வந்தது.

ரெய்ன் தன் படிவத்தில் மதிப்பீடு என்ற இடத்தில் 'மோசம்' என்ற கட்டத்தில் குறியிட்டார். பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பால் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், இருபத்துமூன்று யாருக்கும் தேவைப்படவில்லை. அக்காவுக்குத் தலைமையாசிரியை வேலை போனது. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அன்று காலையில் நாங்கள் கிளம்புவதற்குள் செய்தி புல்வெளியைத் தாண்டிவிட்டது. அக்காவின் போன் அடித்தது. பாக்மா பெரியம்மாவின் அழுகை என் வரைக்கும் கேட்டது. "அவரோட ஓட்டு போச்சாமே? நான் தெளிச்ச பாலாலயா தாரிமா? என் கையாலயா?"

"இல்ல பெரியம்மா" என்றாள் அக்கா. "மெஷின் கோளாறு. உங்க பால் என்ன செய்யும்? போய்ப் பெரியவருக்கு டீ போட்டுக் குடுங்க."

சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். ரெய்ன் பக்கத்தில்தான் நின்றார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாளில் நான் முழுங்கியது தாழ்வாரத்தில் அக்கா கெஞ்சியதையும் இதையும்தான்.

அடுத்த வாக்குச்சாவடி நூறு கிலோமீட்டர். வண்டியில் ஏறினோம். ஜம்பல் அண்ணன் சாவியைத் திருப்பும்போது அக்கா சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் அகப்பை. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

சக்கரத்துக்கு ஒரு அகப்பை. முன் கண்ணாடிக்கு ஒரு அகப்பை, அது விசிறியாக வழிந்தது. மூன்றாவதை வழியின் மேல் வீசிவிட்டு என் ஜன்னலருகே வந்து ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் ரெய்ன் பின்னாலிருந்து.

என் வேலை இன்னும் முடியவில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "வழி நல்லபடியா இருக்கட்டும்னு சொன்னாங்க. இனிமே அவங்க வீட்டு வாசல்ல நான் கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

இல்டா என் தோளில் கை வைத்தாள். ரெய்ன் நோட்டை மூடிவிட்டார். பாதை தெரியவில்லை என்று ஜம்பல் அண்ணன் கண்ணாடி துடைப்பானின் பித்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். அந்தக் கையை எட்டிப் பிடித்தேன்.

"துடைக்காதீங்க அண்ணே" என்றேன். "அப்படியே போங்க."